வெல்லம், ராகி, முட்டை, மாம்பழம்: நேரடியா வாங்கும்போது என்ன கேட்டு வாங்கணும்?

ஓசூர் மாடிவீடு:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஓசூர்ல எங்க அடுக்குமாடியில 12 குடும்பம் சேர்ந்து, மாசச் சாமானை முடிஞ்சவரைக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துலயே விளைவிக்கிறவங்ககிட்ட நேரா வாங்கலாம்னு இருக்கோம். ராகி, சாமை, வெல்லம், புளி, நாட்டுக்கோழி முட்டை, காய்கறி, சீசன் வந்தா மாம்பழம். கலப்படம் இல்லாத பொருளா இருக்கணும். விளைவிச்சவங்க வயித்துல அடிக்காத விலையாவும் இருக்கணும்.

சிக்கல் என்னன்னா, விக்கிற எல்லாருமே 'இயற்கை', 'நஞ்சில்லா', 'நாட்டு'ன்னுதான் சொல்றாங்க. என்ன கேள்வி கேட்டா உண்மை வெளியே வரும்? வீட்டுலயே செய்யக்கூடிய சோதனை உண்டா? நியாயமான விலைன்னு எப்படிக் கணக்குப் போடறது? 'நல்லா விசாரிச்சு வாங்குங்க'ன்னு பொதுவாச் சொல்லாம விவரமாச் சொன்னா உதவியா இருக்கும்.

கொப்பரைச்சூடு:

வெல்லத்தைப் பத்தி மட்டும் சொல்றேன், மத்ததை மத்தவங்க சொல்லட்டும்.

முதல்ல உங்க 12 வீட்டுலயும் ஒரு பேச்சுப் பேசி முடிங்க: மஞ்சள் வெல்லம் கேக்க மாட்டோம்னு. கரும்புச்சாறு காய்ஞ்சு இறுகினா வர்ற நிறம் பழுப்பு. ரகம், மண், வெட்டின கரும்பு எத்தனை நாள் கிடந்துச்சுங்கிறதைப் பொறுத்து வெளிர் பழுப்புலேர்ந்து கரும்பழுப்பு வரைக்கும் போகும். பளிச்சுனு மஞ்சள் வர்றதுக்கு கொப்பரையில 'ஹைட்ராஸ்' போடணும். அது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட், சாயப்பட்டறையில வெளுக்கிற மருந்து. மண்டியில மஞ்சளுக்குத்தான் கூட விலைங்கிறதால, போடாம காய்ச்சுறவர் சரக்கு 'ரெண்டாந்தரம்'னு தள்ளிப்போகுது. கடகத்தூர், பாப்பாரப்பட்டி, பாலக்கோடு பக்கம் காய்ச்சுறவங்களுக்கு ஹைட்ராஸ் இல்லாம காய்ச்சத் தெரியாதுன்னு இல்லைங்க. கறுத்த வெல்லத்தை முழு விலைக்கு எடுத்துக்கிற ஆள்தான் கம்மி.

ஹைட்ராஸ் இல்லாம எப்படின்னா: சாறு சூடேறும்போது சுண்ணாம்புத் தெளிவுத் தண்ணி விட்டுப் புளிப்பை முறிப்பாங்க. வெண்டைத்தண்டை நசுக்கி ஊறவெச்ச கொழகொழத் தண்ணியும் சேரும். அழுக்கு திரண்டு மேலே மிதக்கும், அதை ரெண்டு மூணு தடவை பொறுமையா வழிச்சு எடுக்கணும். 115-லேர்ந்து 118 டிகிரிக்குள்ள பாகை இறக்கி, மரத்தொட்டியில ஊத்தி, கிண்டி, அச்சுல போடணும். அழுக்கு எடுக்கிறதுலதான் நேரம் போகும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கவும் ஹைட்ராஸ் போடறாங்க. சுண்ணாம்பு கூடிட்டா வெல்லம் கறுத்து லேசா காரத்தன்மை தட்டும். குறைஞ்சுட்டா சரியா இறுகாது, மழைக்காலத்துல கசியும். அதனால வெல்லம் கொஞ்சம் இளகி இருக்குன்னா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. காத்துப் புகாத டப்பாவுல போட்டு வெச்சா போதும்.

வெல்லம் காய்ச்சுற ஆலையில கேக்க வேண்டியது: 'அழுக்கு எதைப் போட்டு எடுக்கறீங்க, எத்தனை தடவை எடுக்கறீங்க?' செய்யுறவர் தயங்காம சொல்லுவார். காய்ச்சுற நேரத்துக்கே போங்க. கொப்பரை ஓரத்துல சர்க்கரை மூட்டை அடுக்கியிருந்தா வேற எதுவும் கேக்க வேண்டாம், திரும்பிடலாம். பொங்கலுக்கு முன்னாடி ரெண்டு மூணு வாரம் இந்தக் கலப்படம் அதிகம். வருஷத்துக்கு வேண்டிய வெல்லத்தை அப்ப வாங்காதீங்க.

வீட்டுச் சோதனை. ஒரு துண்டை வெந்நீர்ல கரைச்சு அரைமணி நேரம் அசையாம வைங்க. சுண்ணாம்புப் பொடி, மாவு இருந்தா அடியில வெள்ளையாப் படியும். கரைசல்ல எலுமிச்சைச் சாறு பிழிஞ்சு நுரை பொங்கினா சலவைச் சோடாவோ சுண்ணாம்புப் பொடியோ சேர்ந்திருக்கலாம். உடைக்கும்போது கல்லு மாதிரி தெறிச்சு, உடைஞ்ச இடத்துல மினுமினுன்னு படிகம் தெரிஞ்சா சர்க்கரை மேல சந்தேகப்படலாம், ஆனா அதை வெச்சு முடிவு கட்ட முடியாது. மஞ்சளா வாங்கினது சில வாரத்துல தானா கறுக்க ஆரம்பிச்சா ஹைட்ராஸ் வேலையோன்னு சந்தேகப்படலாம். ஹைட்ராஸ் போட்டா வெல்லத்துல தங்கற கந்தக டை ஆக்சைடுக்குச் சட்டப்படி உச்சவரம்பு 70 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 70 பங்கு. அது ஆய்வகத்துலதான் தெரியும்.

விலைக்கணக்கு சுலபம். 1 கிலோ வெல்லத்துக்கு சுமார் 10 கிலோ கரும்பு வேணும். 2025-26 பருவத்துக்கு சர்க்கரை ஆலைக் கரும்புக்கு மத்திய அரசு வெச்ச விலை டன்னுக்கு 3,550 ரூபாய். அப்ப கரும்பு மட்டுமே 35 ரூபா 50 காசு. எரிக்கச் சக்கை இருக்கு, விறகுச் செலவு இல்ல. ஆனா கொப்பரையில நிக்கிறவங்க கூலி, அச்சுப் போடறவங்க கூலி, வண்டி, காய்ச்சுறவர் வருமானம் எல்லாம் இதுக்கு மேலதான். 40 ரூபாய்க்கு ஒருத்தர் தர்றார்னா, ஒண்ணு சர்க்கரை உள்ளே இருக்கு, இல்ல கூலி உள்ளே இல்ல.

மலையடிவாரம்:

ராகிக்கு வருவோம். நம்ம பக்கம் மானாவாரி ராகி ஆனி, ஆடியில விதைச்சு கார்த்திகை, மார்கழியில அறுவடை. அடிச்சுக் காயவெச்ச உடனே தானியமா மொத்தமா வாங்கிடுங்க. மாவா வாங்காதீங்க. ராகி தானியமா இருந்தா ஒரு வருஷம் தாண்டியும் கெடாது, பூச்சியும் லேசுல ஏறாது. மாவாக்கினா ரெண்டு மாசத்துல கசப்பு வரும்.

வாங்கும்போது பத்து ராகி மணியை வாயில போட்டுக் கடிங்க. நறுக்குனு உடையணும். நசுங்கினா ஈரம் இருக்கு, மூட்டையில பூஞ்சை புடிக்கும். கொள்முதல் நிலையத்துலயும் ஈரப்பதம் 12 சதம்னுதான் பார்க்கறாங்க. நிறம் ஏத்தின ராகியும் வருது. பஞ்சை எண்ணெயில நனைச்சு மணிமேல தேய்ங்க, வேற பஞ்சைத் தண்ணியில நனைச்சுத் தேய்ங்க. பஞ்சு பிங்க் கலந்த சிவப்பா மாறினா ரோடமின்-பி சாயம். லேசான மண்பழுப்பு ஒட்டினா அது தோல் தூசி, பயப்பட வேண்டாம். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

விலை: 2025-26-க்கு ராகியோட குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். கிலோ கிட்டத்தட்ட 49. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் அரசு நேரடியா கொள்முதல் செய்யுது. ஆனா சிட்டா, அடங்கல் (நிலமும் பயிரும் யாருதுன்னு காட்டற அரசுப் பதிவு) கேப்பாங்க. குத்தகைக்கு உழறவர்கிட்டயும், அனுபவத்துல மட்டும் நிலம் வெச்சிருக்கிற மலைக்கிராமத்துக்காரர்கிட்டயும் அந்தக் காகிதம் இருக்காது. அவங்கதான் வியாபாரிகிட்ட கம்மிக்குப் போடறாங்க. நீங்க நேரா வாங்கறதுல யாருக்கு அர்த்தம் இருக்குன்னா இவங்களுக்குத்தான். 49-க்குக் கீழே பேரம் பேசாதீங்க, சாக்கும் வண்டியும் உங்க செலவு. சுத்தம் பண்ணி, கல் பொறுக்கிக் குடுத்தா அதுக்குத் தனியா குடுங்க.

தர்மபுரி மாவட்ட அரிசி அட்டைக்கு ரேஷன்ல 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகி குடுக்கற திட்டம் 2023-ல வந்தது. உங்க வீட்டு வேலைக்கு வர்ற யாராவது தர்மபுரி அட்டை வெச்சிருந்து அந்த ராகியை வாங்காம விடறாங்கன்னா சொல்லிக் குடுங்க.

சாமையில விஷயம் வேற. கடையில வெள்ளை வெளேர்னு இருக்கறது தீட்டினது. தவிடு போயிடுச்சு, அதோட நார்ச்சத்தும் போயிடுச்சு. அப்புறம் அதை அரிசிக்குப் பதிலா தின்னு என்ன புண்ணியம்? உமி மட்டும் நீக்கின சாமை மங்கின சாம்பல் பழுப்பா இருக்கும், தவிட்டுல எண்ணெய் இருக்கறதால ரெண்டு மூணு மாசத்துல சிக்கு வாடை அடிக்கும். அந்த வாடைக்குப் பயந்துதான் வியாபாரி தீட்டி வைக்கறார். அதனால சாமையை மட்டும் மொத்தமா வாங்காதீங்க, மாசாமாசம் உடைச்சு வாங்குங்க. சித்தேரி, அஞ்செட்டி பக்கம் வாங்கறதா இருந்தா உமியோட வாங்கி நீங்களே மில்லுல உடைச்சாலும் சரி. 100 கிலோ உமிச்சாமைக்கு 60-லேர்ந்து 70 கிலோ அரிசி தேறும். 'தீட்டாம, உமி மட்டும்'னு மில்லுல அழுத்திச் சொல்லணும், இல்லன்னா பழக்கத்துல வெள்ளையாக்கிக் குடுத்துடுவாங்க. சமைக்கும்போது அரைமணி ஊறவெச்சு, ஒண்ணுக்கு ரெண்டரை பங்கு தண்ணி.

கேக்காத ஒண்ணு: களி கிண்டற தண்ணியையும் பாருங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரியில நிறைய ஆழ்துளைக் கிணத்துல ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லன்னா 1.5. காய்ச்சினா போகாது, தண்ணி வத்தி இன்னும் அடர்த்தியாகும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தா சமையலுக்கு அதை ஒதுக்குங்க, போர் தண்ணியைப் பாத்திரம் கழுவ வெச்சுக்கங்க.

பென்னாகரம் கால்நடை:

முட்டைக்குக் கணக்குதான் நல்ல சோதனை.

அசல் நாட்டுக்கோழி வருஷத்துக்கு 50-லேர்ந்து 80 முட்டை இடும். அதுவும் தொடர்ச்சியா இல்ல, கொஞ்சம் இட்டுட்டு அடைக்கு உக்காந்துடும். சராசரி 60-னு வெச்சா ஆறு நாளைக்கு ஒண்ணு. உங்க 12 வீட்டுக்கு மாசம் 60 வீதம் 720 முட்டை, நாளைக்கு 24. அதுக்கு 140-க்கு மேல கோழி வேணும், அதுவும் எல்லாம் முட்டைப்பருவத்துல. ஒரே ஆள் வருஷம் முழுக்கத் தடையில்லாம தர்றேன்னா அவர்கிட்ட இருக்கறது கலப்பினம், இல்ல பண்ணையில வாங்கிக் கைமாத்தறார். கலப்பினம் தப்புன்னு சொல்லலை. கிராமப்பிரியா, வனராஜா எல்லாம் புழக்கடையில வளர்க்கிறதுக்குன்னே உருவாக்கினது, திறந்தவெளியில மேய்ச்சா நல்ல முட்டைதான். நாட்டுக்கோழி விலை வெச்சு விக்கறதுதான் தப்பு.

எடை போட்டுப் பாருங்க. நாட்டு முட்டை பெரும்பாலும் 35-லேர்ந்து 45 கிராம். பழுப்பு ஓடு, 55 கிராமுக்கு மேல, எல்லாம் ஒரே அளவுன்னா அது பழுப்பு முட்டையிடற பண்ணை ரகம். ஓட்டு நிறத்துக்கும் சத்துக்கும் சம்பந்தம் இல்ல. மஞ்சக்கருவோட நிறமும் அப்படித்தான், தீவனத்துல இருக்கிற நிறமிதான் காரணம். மக்காச்சோளம், கீரை தின்னாலும் ஆரஞ்சாகும், செண்டுமல்லிப் பூவிலேர்ந்து எடுத்த சாறைத் தீவனத்துல கலந்தாலும் ஆகும். 'கரு நல்ல ஆரஞ்சா இருக்கா'ன்னு வாங்கறவங்க கேக்கக் கேக்க, அதைக் கலக்கறதும் கூடும்.

கோழியோட வாழ்க்கையைப் பத்திக் கவலைப்பட்டுத்தான் வாங்கறீங்கன்னா, கேக்க வேண்டிய கேள்வி 'நாட்டா'ங்கிறது இல்ல, 'கூண்டா'ங்கிறது. வழக்கமான அடுக்குக் கூண்டுல ஒரு கோழிக்குக் கிடைக்கிறது சுமார் 450 சதுர சென்டிமீட்டர், ஒரு ஏ4 தாளை விடக் கம்மி. றெக்கையை விரிக்க முடியாது. சட்ட ஆணையம் 2017-ல 269-வது அறிக்கையில இந்தக் கூண்டு முறையை விடணும்னுதான் பரிந்துரைச்சது. தரையில, உமி பரப்பி, முட்டையிட மறைவான பெட்டியோட, உக்கார மூங்கில் கட்டி வளர்க்கிற கொட்டகைன்னா, உள்ளே இருக்கறது கலப்பினமே ஆனாலும் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

அடுத்த கேள்வி மருந்து. சளி, கழிச்சல் வந்தா மருந்து குடுக்காம இருக்க முடியாது, குடுக்காம விடறதும் கொடுமை. கேக்க வேண்டியது, 'மருந்து குடுத்தப்புறம் எத்தனை நாள் முட்டையை விக்காம ஒதுக்கினீங்க?' மருந்துச் சீட்டுல வேற சொல்லலைன்னா சட்டப்படி முட்டை, பாலுக்குக் குறைஞ்சது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். கோலிஸ்டின்ங்கிற மருந்தை உணவுக்கு வளர்க்கிற உயிர்களுக்குக் குடுக்கக்கூடாதுன்னு 2019-லயே தடை. 'எங்க கோழிக்கு மருந்தே குடுத்ததில்ல'ன்னு ஒருத்தர் சொன்னா, ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பூசி எப்பப் போட்டீங்கன்னு கேளுங்க. அதுக்கு நேரா பதில் சொல்றவர்தான் நம்பத்தக்கவர். பிராய்லருக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசிங்கறது வதந்தி. அது சீக்கிரம் வளர்றது இனத்தேர்வாலயும் தீவனத்தாலயும்.

பால் பட்டியல்ல இல்ல, ஆனா 'ஆலம்பாடி மாட்டுப் பால்'னு யாராவது வருவாங்க. ஆலம்பாடி உழவு மாடு, கன்னுக்குப் போக மிஞ்சறதே சொற்பம். தினம் 20 லிட்டர் தர்றேன்னு சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க.

ராயக்கோட்டை ரோடு:

காய்கறியில 'மருந்தே அடிக்கல'ங்கற பேச்சை எடுத்த எடுப்புல ஒதுக்குங்க. கடைசியா எப்ப அடிச்சீங்க, என்ன அடிச்சீங்கன்னு ரெண்டு கேளுங்க. ஒவ்வொரு மருந்து டப்பாவுலயும் அடிச்சதுக்கும் அறுக்கறதுக்கும் நடுவுல விட வேண்டிய நாள் போட்டிருக்கும். தக்காளி, கத்திரி, வெண்டையில பிரச்சினையே அதுதான். தக்காளி மூணு நாலு நாளைக்கு ஒருக்கா பறிப்பு. மருந்துக்குக் காத்திருக்க வேண்டியது அதைவிட அதிகம்னா, நடுவுல வர்ற பறிப்பைக் கீழே கொட்டணும். யார் கொட்டுவாங்க? நீங்க 12 குடும்பத்துக்கு வாங்கும்போது, 'மருந்து அடிச்ச வாரம் எங்களுக்கு வேண்டாம், சொல்லிடுங்க, வேற காய் எடுத்துக்கறோம்'னு ஒப்பந்தம் போட முடியும். மண்டியில அதைப் பேச முடியாது.

ஓட்டை இருந்தா மருந்து அடிக்காத காய்னு ஒரு நம்பிக்கை இருக்கு. புழு துளைச்சப்புறம்தான் பல பேர் டேங்கை முதுகுல மாட்டுவாங்க, அதனால ஓட்டைக்கு ஒரு அர்த்தமும் இல்ல. காலிஃபிளவர், முட்டைக்கோஸ் ரெண்டும் ஓசூர், தளி பக்கம் அதிகம் மருந்து வாங்கற பயிர். அதைக் குறைச்சு முருங்கை, பூசணி, சுரை, சேனை, வாழைக்காய், வெங்காயம் பக்கம் போனாலே மருந்து குறையும்.

கழுவறது: லிட்டருக்கு 20 கிராம் உப்பு, அதுல 10-15 நிமிஷம் ஊறவிட்டு, ஓடற தண்ணியில ரெண்டு தடவை அலசணும். புளித்தண்ணியும் அதே அளவுல வேலை செய்யும். முழுசாக் கழுவிட்டு அப்புறம் நறுக்குங்க, நறுக்கிட்டு ஊறவெச்சா சத்தும் கரையும், அழுக்கும் உள்ளே போகும். காலிஃபிளவர் மட்டும் பூப்பூவாப் பிரிச்சுட்டு. சோப்பு வேண்டாம். இதெல்லாம் தோல்மேல இருக்கறதுக்குத்தான். இமிடாகுளோபிரிட், தயாமெத்தாக்சம் மாதிரி செடிக்குள்ள ஊடுருவற மருந்தை எந்தத் தண்ணியாலயும் முழுசாக் கழுவி எடுக்க முடியாது.

சான்றிதழ் விஷயம். 'இயற்கை', 'நஞ்சில்லா'ன்னு எழுதியிருக்கறதை மட்டும் வெச்சு மருந்து அடிக்கலன்னு எடுத்துக்க முடியாது. 'ஆர்கானிக்'னு பாக்கெட்ல போட்டா அரசு அங்கீகரிச்ச ஆர்கானிக் முத்திரை இருக்கணும், சான்று எண்ணை இணையத்துல போட்டுப் பார்க்கலாம். விவசாயிகள் குழுவா ஒருத்தர் நிலத்தை ஒருத்தர் சரிபார்க்கிற பிஜிஎஸ் முறையில 'கிரீன்'னு இருந்தா மாறிக்கிட்டு இருக்கற நிலம், 'ஆர்கானிக்'னு இருந்தா மாறி முடிச்சது. வெளி நிறுவனம் சரிபார்த்துத் தர்ற மூணாம் தரப்புச் சான்றுல வருஷப் பயிருக்கு ரெண்டு வருஷமும் மரப்பயிருக்கு மூணு வருஷமும் மாறும் காலம். அந்த ரெண்டு வருஷம்தான் விவசாயிக்கு நெருப்பு மேல நடக்கறது: மகசூல் குறையும், ஆர்கானிக் விலையும் கிடைக்காது. முழுச் சான்று இருக்கறவரைத் தேடிப் போறதை விட, மாறிக்கிட்டு இருக்கறவர்கிட்ட கொஞ்சம் கூடக் குடுத்து வாங்கறது மேல்னு நான் நினைக்கறேன். இதுல மத்தவங்களுக்கு வேற கருத்து இருக்கலாம்.

தக்காளி விலை தெரியும்ல. ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டியில பறிப்புக்கூலியே தேறாம ரோட்டோரம் கொட்டிட்டுப் போவாங்க, அடுத்த ரெண்டு மாசத்துல கிலோ 80-ன்னு நாம புலம்புவோம். வருஷத்துக்கு ஒரே விலை பேசிடுங்க. சந்தை விழுந்தாலும் அதே, ஏறினாலும் அதே. பெருசு, சின்னது, கோணல்னு தரம் பிரிக்காம எடுத்துக்கங்க. இது ரெண்டும் செஞ்சா வேற எந்தச் சலுகையும் விவசாயி கேக்க மாட்டார்.

சந்தைப்பை:

ராயக்கோட்டை ரோட்டுக்காரர் சொல்றது சரி, ஆனா 12 குடும்பம் வாராவாரம் எடுக்கற காய் ஒரு விவசாயிக்கு ரொம்பக் கொஞ்சம். ஒரு பறிப்புல வர்றதே உங்களுக்கு மாசக்கணக்குக்கு ஆகும், மிச்சத்தை அவர் மண்டிக்குத்தான் போடணும். காய்கறிக்கு ஓசூர் உழவர் சந்தையே போதும்ங்கிறது என் கட்சி. 1999-ல மதுரையில ஆரம்பிச்ச திட்டம், கமிஷன் கிடையாது, கடை வாடகை கிடையாது, விவசாயி அடையாள அட்டையோட வந்து விக்கணும். அன்னிக்கு விலை பலகையில எழுதியிருக்கும். அட்டையைப் பார்த்து ஊர் பேரைக் கேளுங்க, ஒரே ஆள்கிட்ட தொடர்ந்து வாங்குங்க. மலைக்காய், வெளிமாநிலக் காய் ஒருத்தர் தட்டுல கலந்து கிடந்தா அவர் வியாபாரி.

நேரா வாங்கற உழைப்பையெல்லாம் ராகி, வெல்லம், புளி, எண்ணெய்னு வருஷத்துக்கு ஒருக்கா வாங்கி வைக்கிற பொருளுக்கு வெச்சுக்கங்க. எண்ணெய் நீங்க சொல்லல, ஆனா வரும். 1 லிட்டர் கடலை எண்ணெய்க்கு ரெண்டேகால்லேர்ந்து ரெண்டரை கிலோ பருப்பு வேணும். அன்னிக்குப் பருப்பு விலையை அதால பெருக்கி, புண்ணாக்குக் காசைக் கழிங்க. அதுக்குக் கீழே செக்கு எண்ணெய் கிடைக்கவே கிடைக்காது. செக்குல ஊத்தறதுக்கு முன்னாடி சுருங்கின, பூஞ்சை புடிச்ச பருப்பைப் பொறுக்கறாங்களான்னும் பாருங்க. செக்கு எண்ணெய் சுத்திகரிக்காதது, பூஞ்சை நஞ்சு இருந்தா அப்படியே எண்ணெயில வரும்.

ஓசூர் மாடிவீடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. காய்கறிக்கு உழவர் சந்தை, மத்ததுக்கு நேரடின்னு பிரிச்சுக்கறோம். ரெண்டு பாக்கி. மாம்பழம், புளி பத்தி யாரும் சொல்லல. ஏதாவது ஒரு பொருள் மேல சந்தேகம் வந்தா எங்க குடுத்துச் சோதிக்கறது?

சந்தைப்பை:

சோதனைக்கு: உணவுப் பாதுகாப்புத் தரச் சட்டம் 2006, பிரிவு 40. வாங்குறவரே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளர்கிட்ட மாதிரி குடுக்கலாம். வாங்கும்போதே 'இதைப் பகுப்பாய்வுக்கு அனுப்பப் போறேன்'னு விக்கிறவர்கிட்ட சொல்லணும், அது முக்கியம். நமக்குப் பக்கத்துல சேலத்துல அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கு. புகார் மட்டும்னா உணவுப் பாதுகாப்புத் துறையோட வாட்ஸ்ஆப் 94440 42322. பாக்கெட்ல 14 இலக்க எண்ணைப் படம் எடுத்து அனுப்புங்க. 1-ல ஆரம்பிச்சா உரிமம், 2-ல ஆரம்பிச்சா சின்ன அளவு பதிவு.

பாக்கெட் பத்தி ஒண்ணு. 'ராகி சேமியா', 'ராகி பிஸ்கட்'னு இருந்தா பின்பக்கம் பாருங்க. சேர்மானம் எடை அதிகமானதுலேர்ந்து வரிசையா இருக்கணும், ராகின்னு முன்னால பெருசாப் போட்டா எத்தனை சதம்னும் போடணும். முதல் பேரு மைதான்னா அது மைதா சேமியாதான்.

சந்தூர் தோப்பு:

புளியைச் சுருக்கமா முடிச்சுடறேன். மாசி, பங்குனி, சித்திரையில உலுக்கறாங்க, அப்பவே வாங்குங்க. கறுப்பா இருந்தா பழசுன்னு ஒதுக்காதீங்க, புளி காத்துல கறுக்கறது இயல்பு. புதுசு சிவந்த பழுப்பு, குளிர்பதனத்துல வெச்சதும் அப்படியே இருக்கும். ஓடு எடுக்காத பழத்துல சதை சுமார் 55 சதம், கொட்டை 34, மிச்சம் ஓடும் நாரும். கொட்டை எடுத்ததுக்கும் எடுக்காததுக்கும் விலையை இதை வெச்சுத் தட்டிப் பாருங்க. கொட்டை தட்டறது வீட்டுல உக்காந்து பொம்பளைங்க செய்யுற கிலோக்கூலி வேலை. ஒரு நாள்ல எத்தனை கிலோ தட்ட முடியும், கிலோவுக்கு என்ன தர்றாங்கன்னு ரெண்டையும் கேட்டுப் பெருக்குங்க. அரசு ஊரக வேலைத் திட்டத்துல தர்ற கூலியைக் கூடத் தொடலைன்னா, வித்தியாசத்தை நேரா அவங்க கையில குடுக்க வழி பாருங்க. இல்லன்னா கொட்டையோடவே வாங்கிடுங்க.

மாம்பழத்துக்கு முதல் விதி: மார்ச்ல கேக்காதீங்க. நம்ம பக்கம் செந்தூரா சித்திரையில தொடங்கும், அப்புறம் அல்போன்சா, பங்கனப்பள்ளி, பெங்களூரா, மல்கோவா, நீலம் ஆனி வரைக்கும். பருவத்துக்கு முன்னாடி காய்க்க வைக்க மரத்தடியில பேக்லோபியூட்ரசால்ங்கிற, வளர்ச்சியை அடக்கிப் பூக்க வைக்கிற மருந்தை ஊத்தறாங்க. அளவு தப்பினா கிளை குறுகி, வருஷா வருஷம் மரம் நோஞ்சானாகும். அதோட, விளையாத காயைப் பறிச்சுப் பழுக்க வைக்கத்தான் கார்பைடு (கால்சியம் கார்பைடு கல்லு) தேவைப்படுது. விளைஞ்ச காய் வைக்கோல்லயே பழுக்கும்.

கார்பைடுக்குத் தடை 2011 உணவுப் பாதுகாப்பு விதியிலயே இருக்கு. ஈரம் பட்டா அசிட்டிலீன் வரும், கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கசடு. கூடைக்குள்ள பொட்டலத்தை வைக்கிற கூலியாளுக்குத்தான் முதல் பாதிப்பு, கை வெந்துபோகும். எத்திலீன் வாயு வேற, 100 பிபிஎம் வரைக்கும் அனுமதி உண்டு. எத்திலீன் விட்ட அறையில பழுத்ததைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்ல. தோல் மட்டும் சீரா மஞ்சளா இருந்து, கொட்டையை ஒட்டின சதை வெளுத்துக் கெட்டியா இருந்தா, பூண்டு வாடை, தோல்ல சாம்பல் பொடின்னு இருந்தா கார்பைடுன்னு சந்தேகிக்கலாம்.

பழமா வாங்காம விளைஞ்ச காயா வாங்குங்க. விளைச்சல் தெரிய மூணு பாருங்க. காம்பு இருக்கிற இடம் பள்ளமாகி ரெண்டு தோளும் மேல எழும்பியிருக்கணும். தோல்ல வெள்ளைப் புள்ளிங்க தனித்தனியாத் தெரியணும். வாளித் தண்ணியில போட்டா முழுகணும், மிதந்தா பிஞ்சு. வீட்டுல கழுவித் துடைச்சு ஈரம் போனப்புறம், வைக்கோல் பரப்பி, காம்பு கீழ்ப்பக்கமா, ரெண்டு அடுக்குக்கு மேல போகாம வைங்க. நாலுலேர்ந்து ஏழு நாள். ரெண்டு பழுத்த வாழைப்பழம் நடுவுல வெச்சா ஒரு நாள் முந்தும். பிளாஸ்டிக் போட்டு மூடினா மூச்சு முட்டி, காம்படி அழுகல் வரும். குவிச்சு வெச்சா நடுவுல சூடேறி அவிஞ்சுபோகும். ஒரே நாள்ல எல்லாம் பழுக்காது, தினம் ஒரு தடவை தொட்டுப் பார்த்துப் பிரிங்க.

விலை பேசறதுக்கு முன்னாடி தோப்பு யார் கையில இருக்குன்னு கேளுங்க. நிறைய தோப்பு பூவிலேயே வியாபாரிக்குக் குத்தகைக்குப் போயிடும். ஒரு வருஷக் குத்தகைக்காரருக்கு அடுத்த வருஷ மரத்தைப் பத்தி அக்கறை இருக்காது, மருந்து கணக்கில்லாமப் போகும். சொந்தக்காரரே பறிக்கிற சின்னத் தோப்பாப் பாருங்க, நாலஞ்சு மரத்தை உங்க 12 வீட்டுக்குன்னு பூப்பூக்கறதுக்கு முன்னாடியே பேசி, கால்வாசி முன்பணம் குடுத்துடுங்க. காய் உதிர்ந்தா யாருக்கு எவ்வளவு நஷ்டம்ங்கறதையும் அப்பவே எழுதிக்கங்க. ஆலங்கட்டி மழை சித்திரையிலதான் வரும்.